லிஃப்ட் பாட்டு எழுதியவள்

வளைகுடாவில் தமிழ்ப் பாட்டு எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஊருக்கு ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு. செயலாளரும் பொருளாளரும் சண்டை போட்டுக்கொண்டால் அடுத்த மாதம் இரண்டு சங்கம். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு விழா, ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டில் பாலைவனமும் வியர்வையும் அம்மாவும் தாய்மொழியும் வந்தே தீர வேண்டும். வந்தால், முன்வரிசையில் இருக்கிற தலைவர் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். துடைத்ததைப் போட்டோக்காரர் எடுத்துவிட்டாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தும் கொள்வார். பிறகு பிரியாணி.

நான் அந்த வகைப் பாட்டு எழுதியதில்லை. நான் எழுதியது சின்னச் சின்னக் காதல் பாட்டுகள். கேட்கும்போது கால் தானாகத் தாளம் போடும், பஸ் ஏறும்போது வாய் முணுமுணுக்கும், ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் மறந்துபோகும். அவ்வளவு லேசாக ஒன்றை எழுதுவதுதான் கஷ்டம். வியர்வையையும் அம்மாவையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். நான் அமீரகத்து அஜ்மானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் ஆட்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டால் போய்க் கதவைத் திறந்துவிடுவார். ஊரில் கோயில் பாடகர் குழுவில் இரண்டு பேரும் பாடினோம். அவருக்கு அடிக்குரல். நான்கு குரல்களில் யாரும் கவனிக்காத குரல் அதுதான், ஆனால் அது நின்றால் மற்ற மூன்றும் தள்ளாடும். அவர் சுபாவமும் அப்படித்தான்.

இங்கே வந்த பிறகு எங்கள் தமிழ்ச் சபைக்குக் கிடைத்தது வாடகை நேரம். ஒரே கோயில் வளாகத்தில் எங்களுக்கு முன்னால் உருது ஆராதனை, பின்னால் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் முன்னால் இருந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. கீபோர்டு, டிரம்ஸ் எதையும் இணைக்க நேரமில்லை. என் வீட்டுக்காரரோடு சேர்த்து ஆண்கள் நான்கு பேர் எழுந்து வெறும் வாயாலேயே பாடினார்கள். ஒருவர் வார்த்தைகளைப் பாட, மற்ற மூவரும் பின்னால் ‘தும் தும்’, ‘ஊ ஊ’ என்று வாத்தியமானார்கள். அன்றைக்குச் சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. நேரமில்லாததால் பிறந்த குழு அது.

நால்வரில் ஒருவர் பிறகு போனில் ஒரு பழைய அமெரிக்க வீடியோ காட்டினார். கோட்டு போட்ட நான்கு கறுப்பின இளைஞர்கள் தெருமுனையில் நின்று இதே மாதிரி பாடினார்கள். பின்குரல்கள் ‘டூ-வாப், டூ-வாப்’ என்று அர்த்தமில்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தன. எனக்குப் பிடித்துப்போய், அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பியானோவும் ஒரு நாற்காலியும் மட்டும் கொள்கிற அறைகளில் உட்கார்ந்து சின்ன வயசுக்காரர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். சில சமயம் இசைத்தட்டில் எழுதாதவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. படித்துவிட்டுப் பாவம் என்று சொன்னேன். அப்படிப் பாவம் பார்த்தவளுக்கு என்ன நடந்தது என்பதுதான் மீதிக் கதை.

குழுவில் வார்த்தைகளைப் பாடுகிறவனை எல்லோரும் ‘லீட்’ என்றே கூப்பிட்டோம். திருச்சிக்காரன், என்னைவிட இளையவன், ஷார்ஜாவில் திரைச்சீலைக் கடையில் சேல்ஸ்மேன். அவன் குரல் தேன். மற்றதெல்லாம் அந்தத் தேனை ஊற்றி வைத்திருந்த தகர டின். இன்னும் இரண்டு பேர் நல்ல மனிதர்கள், இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை.

எங்கள் பில்டிங் மாடிப்படியில்தான் பயிற்சி. அங்கே குரல் நன்றாக எதிரொலிக்கும். வாட்ச்மேன் பெஷாவர்க்காரர். கீழேயிருந்து “பாய், தோடா ஆஹிஸ்தா” என்று, மெதுவாகப் பாடச் சொல்லிக் கத்துவார், பிறகு அவரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்பார். எங்கள் பாட்டுகளை ஒழுங்காகக் கேட்ட கடைசி ஆள் அவராகத்தான் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது.

ஒருநாள் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து எரிச்சலோடு வந்தார். டூல் பையை மூலையில் போட்டுவிட்டுச் சொன்னார்.

“ஒருத்தன் கதவ மூட விட மாட்டேங்கான்ட்டி. ஒரு கால் வெளிய, ஒரு கால் உள்ள. வாசல்ல நிக்கிற பொண்ணுகிட்ட பேசி முடிக்க வரைக்கும் லிஃப்டு நிக்கணுமாம். அது பாவம், டிங் டிங் டிடிங்னு அடிச்சிக்கிட்டே கெடக்கு. கடைசில சென்சார் போச்சு.”

“அப்படி என்ன பேசுனானாம்?”

“எனக்கென்ன தெரியும். நான் போகும்போது அவன் போய்ட்டான். அவளும் போய்ட்டா.”

மறுநாள் ஆஸ்பத்திரி பஸ்ஸில் போகும்போதே பாட்டு வந்துவிட்டது. மெட்டும் சேர்ந்தே வந்தது. முனகிப் போனில் பதிந்து குழுவுக்கு அனுப்பினேன்.

கதவ மூடாதே, கதவ மூடாதே,
ஒரு வார்த்தை பாக்கி இருக்கு.
ஏழாம் மாடி வரதுக்குள்ள
எப்படி நான் சொல்லி முடிக்க?

வீட்டுக்காரர் அதற்குக் கீழே லிஃப்டின் மணியை அடிக்குரலில் அடித்தார். டிங் டிங் டிடிங். அது நான் எழுதியதல்ல. வேலை செய்த களைப்பில் அவர் செய்து காட்டிய சத்தம்.

அந்த வருஷம் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் பாட்டை மேடையேற்றினார்கள். டூட்டியிலிருந்து நேராகப் போனேன், யூனிபார்மின் மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சூப்பர்மார்க்கெட் முதலாளி ஒருவர் தமிழின் தொன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எந்த வாக்கியத்திலும் தமிழைக் காணவில்லை, தொன்மை மட்டும் இருந்தது. பிறகு எங்கள் குழு வந்தது. லீட் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினான்.

“இந்தப் பாட்டு எனக்கு எப்படி வந்ததுன்னு நிறைய பேர் கேக்குறாங்க,” என்றான். அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. பாட்டையே யாரும் கேட்டிருக்கவில்லை. “ஒருநாள் கோர்னிஷ் ரோட்டுல தனியா கார் ஓட்டிட்டுப் போறேன். கடல் என்னைப் பாத்து ஏதோ கேட்டுச்சு. வண்டிய ஓரமா நிறுத்தி, ஒரே மூச்சுல எழுதினேன்.”

அப்போது அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. ரோடு டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, பஸ்ஸில்தான் கடைக்குப் போய்வந்தான்.

பாட்டு முடிந்தபோது ஹால் அதிர்ந்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்.

“கடல் கேள்வி கேட்டுச்சாம்லா. நீங்க பக்கத்துலதான நின்னிய. ஒண்ணும் சொல்லலையா?”

“நான் டிங் டிங் சொல்லிக்கிட்டு இருந்தேன்ட்டி,” என்றார்.



பாட்டு பரவியது. பிறந்தநாள், கல்யாண வரவேற்பு, புதுக்கடைத் திறப்பு என்று கூப்பிட்டார்கள். அப்போதுதான் ஈவென்ட்காரர் வந்து சேர்ந்தார். மேடை, லைட், சாமியானா, கவிஞர் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி இறக்குகிறவர். பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். சோபாவில் லீட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சிஸ்டர், இந்தப் பாட்ட ஸ்டூடியோல ரெக்கார்ட் பண்றோம். சின்னச் சின்ன மாத்தம். நடுவுல அன்பேங்கறதுக்கு அரபில ஒரு ஹபீபி வரணும்.”

“லிஃப்டுக்குள்ள ஹபீபி எங்கேருந்து வாறாரு?”

“பதினஞ்சாவது மாடியில ஏறுறாருன்னு வைங்களேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் அவ்வளவு அக்கறை இருந்தது.

“எம் பேரப் போடுவீங்களா?” என்று கேட்டேன்.

லீட் பேரீச்சம்பழத்தின் கொட்டையைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். ஈவென்ட்காரர்தான் பதில் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ஊசி போடுற கையி, பாட்டு எழுதுச்சுன்னா யாரு சிஸ்டர் நம்புவா? மக்களுக்கு ஒரு கவிஞர் வேணும். ஜிப்பா போடணும், லேசா தாடி இருக்கணும். இவருக்கு ரெண்டும் பொருந்துது. நீங்க குடும்பம் மாதிரி, கூட இருந்து வரிகள்ல உதவி பண்ணுங்க. யல்லா, வாங்க, சாப்பாடு என் செலவு.”

அடுத்த மாதமே ஒரு மேடையில் அவனுக்குப் ‘பாலைப் பாவலன்’ என்று பட்டம் கொடுத்தார்கள். கொடுத்த சங்கத்தில் கமிட்டி உறுப்பினர்கள்தான் இருந்தார்கள், வேறு உறுப்பினர் யாரும் இல்லை. பொன்னாடை போர்த்தினார்கள். அது அவன் கடையிலேயே வாங்கிய ஜன்னல் துணி என்பதை என் கண் உடனே கண்டுபிடித்தது. அதே துணிதான் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது.

இவ்வளவு கேவலத்துக்குப் பிறகும் ஏன் எழுதினாய் என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் ஒன்றுதான். அந்தக் குரல். மாடிப்படியில் நின்று, நான் எழுதிய வரியை முதல் தடவையாக அவன் வாய்விட்டுப் பாடும்போது, எழுதியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். எழுதுகிறவளுக்கு அதைவிடப் பெரிய மயக்கம் கிடையாது. பார்க்கிங் தேடி ஒரே தெருவைச் சுற்றுகிற காதலனுக்கு ஒரு பாட்டு, ரூம்மேட் தூங்குகிறானென்று பாத்ரூமில் நின்று கிசுகிசுவென்று பேசுகிறவனுக்கு ஒரு பாட்டு, ஏசி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற புதுமணத் தம்பதிக்கு ஒரு பாட்டு. எல்லாவற்றையும் கடல் கேட்டதாகவும் நிலா சொன்னதாகவும் அவன் மேடையில் விளக்கினான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

பிறகு ஓமான் நாட்டுச் சலாலா வந்தது. அங்கே மழைக்காலம் என்று ஒன்று உண்டு. வளைகுடா முழுக்க வெந்துகொண்டிருக்கும்போது அந்த ஊர் மட்டும் தூறலில் நனைந்து பச்சையாக இருக்கும். அங்குள்ள தமிழர்கள் குழுவை அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரரும் நானும் லீவு போட்டு, எல்லோருமாக வேனில் பாலைவனத்தைக் கடந்து போனோம். வழிநெடுக லீட் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். மேடையில் சொல்வதற்கு எது என்ன கேட்கிறது என்று யோசித்தானோ என்னவோ.

ஹால் நிறையக் கூட்டம். பல வருஷம் அந்த ஊரில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார், நிகழ்ச்சியே அவருக்கு வழியனுப்புதான். மேடையின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் சமோசா தின்றுகொண்டிருந்தேன். திடீரென்று அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார்: “நம்ம அம்மாவுக்காகப் பாலைப் பாவலன் இப்போ, இங்கேயே, லிஃப்ட் பாட்டு மெட்டுல ஒரு புதுச் சரணம் எழுதிப் பாடப்போறார்.”

கூட்டம் கைதட்டியது. லீட் திரைக்குப் பின்னால் ஓடி வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. சங்கப் பாட்டுகளில் வருகிற வியர்வை இல்லை, நிஜமானது.

“அக்கா, நாலு வரி. சீக்கிரம். நர்ஸ், பிரிவு, ஏதாவது.”

“கடல்கிட்ட கேளுங்க தம்பி,” என்றேன். “இங்கயும் கடல் இருக்கு. பக்கத்துலதான்.”

“விளையாடாதீங்க அக்கா. மானம் போயிரும்.”

“யாருக்கு?”

அவன் ஜிப்பாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனான். எனக்கு உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம். சமோசாவை இன்னொரு கடி கடித்துக்கொண்டு பார்த்தேன்.

‘கதவ மூடாதே’ என்று ஆரம்பித்தான். பல்லவி முடிந்தது. சரணத்தின் இடம் வந்ததும் அந்த அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, டிங் டிங் டிடிங், டிங் டிங் டிடிங் என்று பாடினான். வேறு ஒன்றுமே இல்லை. சரணம் முழுக்க லிஃப்டின் மணி. ஆனால் ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, உடைய வேண்டிய இடத்தில் குரலை உடைத்து, கடைசி டிங்கை மூச்சுக் காற்றாக விட்டு முடித்தான். என் வீட்டுக்காரரும் மற்ற இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் ‘ஊ’ என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹால் எழுந்து நின்றது. அப்படி ஒரு கைதட்டல் என் வரிகள் எதற்கும் கிடைத்ததில்லை. அந்த அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

“தம்பி, எம் மனசுல இருந்தத அப்படியே பாடிட்டீங்க,” என்றார்.

நான் சமோசாவைக் கீழே வைத்தேன். அவன் என் பாட்டைத் திருடியபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. திருடுகிறவனுக்காவது பொருளின் மதிப்பு தெரியும். இந்தக் கூட்டத்துக்கு அங்கே ஒரு பொருள் இருந்ததே தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் வேனை ஓட்டினார். நான் பக்கத்தில். பின்னால் எல்லோரும் தூங்கினார்கள்.

“எத்தன நாளு ஒரு வார்த்தைக்காகக் கெடந்து முழிச்சிருப்பேன்,” என்றேன். “இவங்களுக்கு டிங் டிங் போதும்.”

அவர் முன்னால் போன ஒரு லாரியை முந்தினார். “அந்த அம்மா அழுதது பொய்யில்லட்டி.”

“பொய்யின்னு சொல்லல.”

“அவியளுக்கு அப்ப வார்த்த வேண்டியிருக்கல. அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பார்டர் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.

அஜ்மான் வந்து சேர்ந்ததும் எழுதுவதை நிறுத்தினேன். லீட் இரண்டு மூன்று தடவை போன் செய்தான், டூட்டி என்றேன். பிறகு அவனே போனில் ஒரு ஆப் கண்டுபிடித்தான். ‘காதல், மழை, வெளிநாடு’ என்று அடித்தால் அது பாட்டாகத் துப்பிவிடும். அடுத்த விழாவில் அதைப் பாடினான். வியர்வையும் அம்மாவும் திரும்பி வந்திருந்தார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் குழுவில் தொடர்ந்தார். அவருக்கு யார் எழுதினால் என்ன, அடிக்குரல் அடிக்குரல்தான்.

ஒரு வருஷம் கழித்து, சவூதியில் அல் கோபாரில் இருக்கிற என் நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்கள் காம்பவுண்டில் தமிழ்க் குழந்தைகள் கலைநிகழ்ச்சி. சேலையை முழங்கால்வரை கட்டிய பெண் பிள்ளைகளும் தலைப்பாகைப் பையன்களும் வட்டமாக நின்றார்கள். ஒரு டீச்சர் மைக்கில், “இது நம் முன்னோர்கள் வயல்வெளியில் பாடிய நாட்டுப்புறப் பாடல். எழுதியவர் யாரென்று தெரியாது,” என்றார். பிள்ளைகள் கும்மியடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள்.

கதவ மூடாதே, கதவ மூடாதே,
ஒரு வார்த்தை பாக்கி இருக்கு.
ஏழு மாடு வரதுக்குள்ள
எப்படி நான் சொல்லி முடிக்க?

யாரோ எங்கோ தப்பாகக் கேட்டதில் என் ஏழாம் மாடி ஏழு மாடாகியிருந்தது. மாடு வந்துவிட்டதால் டிங் டிங் கழுத்து மணியாகிவிட்டது. ஒரு பையன் மாட்டு வேஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். நான் கிச்சனில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாடு வீடு திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றால் அதில் ஒரு பயம் இருக்கிறது. லிஃப்டில் அது இல்லை.

அந்த வீடியோ எல்லாக் குரூப்பிலும் சுற்றியது. அப்புறம்தான் வேடிக்கை. நாட்டுப்புறப் பாட்டைச் சுட்டுத் தன் பெயரில் பாடிவிட்டான் என்று பாலைப் பாவலனைக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். ஷார்ஜாவில் ஒரு சங்கம் அந்த மாதம் அவனுக்கு விருது கொடுப்பதாக இருந்தது. விளக்கம் சொல்லச் சொல்லி அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லீட்டும் ஈவென்ட்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். இந்தத் தடவை பேரீச்சம்பழம் பெரிய பெட்டி. வீட்டுக்காரர் மூலையில் யூனிபார்ம் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்கதான் கமிட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்,” என்றான் லீட். “அது இங்க அஜ்மான்ல எழுதின பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு இல்லன்னு.”

“யாரு எழுதுனது?”

“என்னக்கா இது.”

“இல்ல, கேப்பாங்கல்லா. யாரு எழுதுனதுன்னு சொல்ல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நீங்கதானே எழுதுனீங்க.”

அந்த வாக்கியத்தை அவன் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அதைக் கேட்டால் எனக்கு என்னவோ ஆகும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அயர்ன் பாக்ஸ் ஆவி விடுகிற சத்தம்தான் கேட்டது.

ஈவென்ட்காரர் சட்டென்று உள்ளே புகுந்தார். “கலாஸ், முடிஞ்சுது, சிஸ்டர் பேரையும் போட்டுக்கலாம். பாடல், பாலைப் பாவலன். உதவி, சிஸ்டர். கௌரவமா இருக்கும்.”

நான் டீயை அவர்கள் முன்னால் வைத்தேன்.

“அது நாட்டுப்பாட்டுதான் தம்பி,” என்றேன். “எங்க ஊர்ல மாடு பத்திட்டு வரும்போது பாடுவாவ. சின்ன வயசுல கேட்டது. அதத்தான் உங்களுக்கு முனகி அனுப்புனேன்.”

லீட் நிமிர்ந்தான். “உங்க ஊரு கடற்கரையாச்சே அக்கா. எல்லாரும் மீன் பிடிக்கிறவங்க. மாடு ஏது?”

“ஏழுதான் இருந்துச்சு,” என்றேன்.

அவர்கள் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். பிறகு கமிட்டியிலிருந்து போன் வந்தபோதும் அதையேதான் சொன்னேன். அன்றைக்கு அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றார்.

“உம் பாட்ட நீ குடுத்துட்ட, சரி. என் டிங் டிங்கயும் சேத்துல்லா குடுத்துட்ட.”

அவர் அதைத் தன்னுடையது என்று நினைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடைக்கு மேடை அவன் கடல் கதை சொன்னபோதெல்லாம், பக்கத்தில் நின்ற இந்த மனுஷனும் எதையோ விழுங்கிக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

“உங்களோடதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா,” என்றேன்.

“நீ எப்போ கேட்ட?” என்றார், சட்டையை ஹேங்கரில் மாட்டினார். ராத்திரி மீன்குழம்புக்கு உப்பு சரியாக இருக்கிறது என்றார். எங்கள் வீட்டில் அதற்குப் பேர்தான் சமாதானம்.

லீட்டின் மானம் போகும் என்று நான் எதிர்பார்த்தேன். வளைகுடாவில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. சங்கம் ஷீல்டுக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டது. மேடை, சாப்பாடு, சீஃப் கெஸ்ட் எல்லாம் தயார். அதனால் கீழே இருந்த வாசகத்தை மட்டும் மாற்றினார்கள். ‘அழிந்துவரும் நாட்டுப்புறக் கலையை அமீரகத்தில் மீட்டெடுத்தமைக்காக’ என்று போட்டு அவனுக்கே விருதைக் கொடுத்தார்கள். ஜிப்பாவைக் கழற்றிவிட்டு வேட்டியும் சிவப்புத் துண்டுமாக வந்து வாங்கிக்கொண்டான். இப்போது ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டைப் பற்றி உரையாற்றுகிறான். எங்கள் ஊர் மாடுகளைப் பற்றியும் உருக்கமாகப் பேசுகிறானாம். ஏழும் இப்போது மந்தையாகப் பெருகிவிட்டன என்று கேள்வி.

பாட்டு என்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. சில வாரம் ஜெயித்த மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் புதுக்கோட்டைக்காரப் பெண் ஒருத்தி, ஊசிக்குப் பயந்து கத்துகிற குழந்தையை மடியில் வைத்து அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். டிங் டிங் வந்ததும் பிள்ளை அழுகையை நிறுத்தி அவள் வாயைப் பார்த்தது. நான் ஊசியைப் போட்டு முடித்தேன்.

“நல்ல பாட்டு,” என்றேன்.

“எங்க ஊர்ப் பாட்டு சிஸ்டர்,” என்றாள் பெருமையாக. “அங்க எல்லாருக்கும் தெரியும்.”

பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது உண்மை.

சமீபமாக எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஆறு பேர் சேர்ந்து பாட ஆரம்பித்திருக்கிறோம். லாண்டரி ரூமில் பயிற்சி. இதற்காக ஒரு பாட்டு எழுதினேன். ஒருவனுக்கு நாடி பிடித்துப் பார்க்கும் நர்ஸ், கையைப் பிடித்ததில் எண்ணிக்கையைத் தவறவிட்டுவிடுகிறாள். முதல் சரணத்தில் அதுதான் கதை. பாடிக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரசவ வார்டில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பெண் மட்டும் ஆட்டவில்லை.

“அக்கா, கோவிக்காதேங்கோ. ரெண்டாவது பந்தி சரியில்ல.”

“ஏன்?”

“முதல்ல நாடி. ரெண்டாவதில காய்ச்சல் பாக்கிறா. பிறகும் அதே மயக்கந்தான். நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லுறீங்கள்.”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. பாட்டைக் காது கொடுத்துக் கேட்டால்தானே சொல்வதற்கு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுருதியே நிற்காத இவளுக்குச் சரணத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். பயிற்சியைப் பாதியில் முடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டே இரண்டாவது சரணத்தைச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் காய்ச்சலைத் தூக்கிவிட வேண்டியதுதான். அவனுக்கு நாடி சரியாகி, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்தால் என்ன?